'டீச்சர் ஸ்போக் மீ'

ஆசிரியர் அவர்களுக்கு,

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் என் மகளின் ஆங்கிலக் கொப்பியைப் போன வாரம் புரட்டினேன். 'டீச்சர் ஸ்போக் மீ' என்று ஒரு வரி. சிவப்புப் பேனாவால் வெட்டியிருந்தது, ஏன் பிழை என்று எழுதவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுவேலை செய்யாததற்கு டீச்சர் 'பேசினாங்க', அதாவது ஏசினாங்க. தோட்டத்து லயத்தில் (லைன் வீடுகளில்) நாங்கள் அப்படித்தானே சொல்வோம்? ஆங்கிலத்து 'ஸ்பீக்' யாரையும் ஏசாது. அதற்கு 'ஸ்கோல்ட்' என்று தனியாக ஒன்று இருக்கிறது.

அடுத்த பக்கத்தில் 'அவர் எனக்குச் சொன்னார்' என்பதற்கு 'ஹி செட் மீ', அதாவது 'சே'யின் இறந்தகாலம். 'டெல்' வந்தால் கேட்பவரும் ஒட்டிக்கொண்டே வருவார்: 'டோல்ட் மீ'. 'சே' அப்படியில்லை, நடுவில் ஒரு 'டு' கேட்கும். 'எக்ஸ்ப்ளெய்ன்' கூட அந்த ரகம்தான். ஆனால் பொய்க்கு மட்டும் 'டெல் எ லை' என்கிறார்கள், 'சே' போட்டால் பிழை. இதற்கெல்லாம் நியாயம் கேட்டுப் பயனில்லை. 'டிஸ்கஸ் அபவுட்' பெரியவர்களையும் விடவில்லை. ஒரு கூட்ட அறிவித்தலிலேயே பார்த்தேன். அந்த 'அபவுட்' வேண்டியதே இல்லை.

தரம் 3 இலிருந்து ஆங்கிலம் படிக்கிறாள். இந்தப் பிழைகள் நம் தமிழ்ப் பேச்சிலிருந்து வருகின்றன என்று அவளுக்கு யாரும் காட்டித்தரவில்லை. உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு வினைச்சொல்லை, தமிழ் வாக்கியத்தையும் பக்கத்தில் வைத்து, விளக்கிப் போட முடியுமா? மாதிரி வினாத்தாள்கள் வீட்டில் ஏற்கெனவே கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு தாய்,
ஹட்டன்.