பாப்பாவுக்கு, அந்த மாத்திரை அட்டையைப் பற்றி

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கு எல்லோரும் சுகம். சின்னத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. வாசல் முருங்கையை வெட்டியாயிற்று. மற்றதெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள்.

தைப்பூசத்துக்கு வந்திருந்தபோது ராத்திரி 11 மணிக்கு, ஆறிப்போன மைலோவோடு ஒரு கேப்சூலை விழுங்கினாய். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் "கேஸ்ட்ரிக்தாம்பா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாய். காலையில் குப்பைக்கூடையில் அட்டையைப் பார்த்தேன். ஒமெப்ரசோல், 20 மில்லிகிராம். மருந்துப் பொட்டலத்தில் 'செபெலும் மாக்கான்', சாப்பாட்டுக்கு முன், என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. மருந்துக்கூடத்துக்காரன் மகள் அதைப் படிக்கவில்லை!

வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாட்டுக்குத்தான் விழிக்கும். விழித்த பம்பைத்தான் இந்த மருந்தால் பூட்ட முடியும். ரத்தத்தில் அது ஓரிரு மணி நேரம்தான் நிற்கும். அதனால் காலையில் பசியாறுவதற்கு 30 முதல் 60 நிமிடத்துக்கு முன்பு, தண்ணீரோடு போட வேண்டும். படுக்கப் போகும்போது போட்டால் பாதி வீண். உள்ளே இருக்கும் குருணையை மெல்லவும் கூடாது. மேல்பூச்சு உடைந்தால் வயிற்று அமிலமே மருந்தைக் கெடுத்துவிடும்.

நெஞ்செரிச்சலுக்குப் பொதுவாக 4 முதல் 8 வாரம் போதும். நீ எத்தனை வருஷமாகப் போடுகிறாய் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அன்று ராத்திரி கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாய். அம்மா தைலம் தேய்த்தாள். நடந்த களைப்பு என்றாய். களைப்பாகவே இருக்கட்டும். ஆனால் இந்த மருந்தை ஒரு வருஷத்துக்கு மேல் போடும் சிலருக்கு மக்னீசியம் இறங்கும். அமெரிக்க மருந்துத் துறை 2011-லேயே எச்சரித்தது. தசை பிடிக்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். கிளினிக்கில் வழக்கமாக எடுக்கும் சிறுநீரக ரத்தப் பரிசோதனையில் மக்னீசியம் வராது. தனியாகக் கேட்டு எடு. கூடவே பி12, இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிட்டின், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின். சாப்பாட்டிலிருந்து பி12 பிரிய அமிலம் வேண்டும். நீ மீனையும் விட்டு 5 வருஷம் ஆகிறது, மறந்துவிடாதே. இரும்புச் சத்தும் அமிலம் குறைந்தால் சரியாக ஏறாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரை வாங்கினால் கார்பனேட் வேண்டாம், சிட்ரேட் வாங்கு. அதற்கு அமிலம் தேவையில்லை. சிறுநீரகம், எலும்பு முறிவு பற்றியும் எச்சரிக்கை உண்டு. பயந்துவிடாதே. இதே வகை மருந்தைப் பற்றி 2019-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், 17,000-க்கும் மேற்பட்டவர்களை ஏறக்குறைய 3 வருஷம் பார்த்ததில், குடல் தொற்று மட்டும்தான் கூடுதலாகத் தெரிந்தது. ஆகவே இது விஷமில்லை. காரணமில்லாமல் போடுவதுதான் தப்பு.

திடீரென்று நிறுத்திவிடாதே. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அமிலத்தை அடக்கி வைத்தால் உடம்பு காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டி, அமிலம் சுரக்கும் ஏற்பாட்டைப் பெருக்கி வைக்கும். மருந்து நின்றதும் அமிலம் முன்னைவிட அதிகமாகப் பாயும், சில வாரத்துக்கு. நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி அட்டையை எடுப்பார்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று 2 வாரம் போடு, பிறகு நிறுத்து. இடையில் எரிந்தால் அல்ஜினேட் டானிக், அல்லது ஃபமோடிடின். ராத்திரிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 3 மணி நேரம் இடைவெளி விடு. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 சென்டிமீட்டர் கட்டை வை. தலையணையை அடுக்காதே, வயிறு மடங்கும்.

இன்னொன்று. அந்தக் குப்பைக்கூடையில் மெஃபெனமிக் என்ற வலி மாத்திரை அட்டையும் கிடந்தது, இரண்டு, காலியாக. தலைவலிக்கு இவ்வளவா? அதைத் தினமும் போட்டுக்கொண்டே ஒமெப்ரசோலை நிறுத்தினால் வயிறு புண்ணாகி ரத்தம் கசியலாம். முதலில் அதை விடு, பாராசிட்டமோல் போடு. தலைவலி ஏன் வருகிறது என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை என்றாய், சரி.

மலம் கறுத்தால், விழுங்கும்போது அடைத்தால், எடை தானாக இறங்கினால் என் கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு உடனே ஸ்பெஷலிஸ்டைப் பார். வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமி நம் ஆட்களிடம் மலாய்க்காரர்களைவிட அதிகம். மூச்சுப் பரிசோதனை எழுதிக் கொடுக்கச் சொல். அதற்கு 2 வாரம் முன்பே ஒமெப்ரசோலை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருக்கும் கிருமியும் இல்லை என்று காட்டும்.

எப்படித் தெரியும் என்றேனே. நடமாட்டக் கட்டுப்பாடு இருந்த 2020-இல் எரிகிறது என்றாய். தபாலில் முதல் இரண்டு அட்டையை அனுப்பியது நான்தான். எத்தனை வாரம் என்று உறையில் எழுதவில்லை. ஊருக்கெல்லாம் கவுண்டரில் திருப்பித் திருப்பிச் சொன்ன வாயால் உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. நீ போடுகிறாய் என்பதே எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதன்பின் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

காலையில், பசியாறுவதற்கு முன். மக்னீசியம் ரிசல்ட் வந்தால் அளவை மட்டும் அனுப்பு. வேறொன்றும் எழுத வேண்டாம்.

அப்பா
ஆயர் ஈத்தாம்