ககேரியின் பெயரையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒசாமு டெசுகாவின் 'மனிதப் பூச்சிகளின் புத்தகம்' என்ற ஜப்பானிய மாங்காவை, அதாவது படக்கதையைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் தாங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படக்கதை என்றாலே சிறுவர்களுக்கு உரியது என்று ஒதுக்கிவிடாமல், 1970 மே மாதம் முதல் 1971 பிப்ரவரி வரை பெரியவர்களுக்கான இதழொன்றில் தொடராக வந்த ஓர் உளவியல் மர்மக் கதைக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. கதாநாயகி தோஷிகோ தொமுராவின் மனத்தைக் கட்டுரையாளர் நுட்பமாகவே ஆராய்ந்திருக்கிறார். ஆனால் அந்த அரைப் பக்கத்தில் ககேரி உசுபா என்ற பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஓர் அச்சகத்தில் பல ஆண்டுகள் பிழை திருத்துநராக இருந்தவள் நான். விடுபட்ட பெயர் கண்ணில் பட்டால் சும்மா இருக்க முடிவதில்லை.

கதை தொடங்கும்போது தோஷிகோ தன் முதல் நாவலுக்காக அகுதாகவா பரிசு பெறுகிறாள். 1935-இல் நிறுவப்பட்ட அந்தப் பரிசு, புதிதாக எழுத வந்தவர்களுக்கு ஜப்பானில் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய இலக்கிய அங்கீகாரம். நகரமெல்லாம் அவளைக் கொண்டாடிக்கொண்டிருக்கும் அதே வேளையில், வேறோரிடத்தில் ஒரு பெண் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அவள்தான் ககேரி. பரிசு பெற்ற அந்த நாவலை உண்மையில் எழுதியவள். தோஷிகோவை ஒரு பத்திரிகையாளன் பின்தொடர்ந்து விசாரிக்க விசாரிக்க, நாடகக் குழுவில் இருந்தபோது முதன்மை நடிகையின் நடிப்பையும், பிறகு வடிவமைப்பாளன் மிசுனோவின் படைப்புகளையும், அதன் பிறகு ககேரியின் நாவலையும் அவள் ஒவ்வொன்றாகத் தனதாக்கிக்கொண்ட வரலாறு வெளிப்படுகிறது. தங்கள் கட்டுரை இந்த வரிசையைச் சரியாகச் சொல்கிறது. எனினும் "ஒரு தோழியின் கையெழுத்துப் படி" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது. எழுதியவளின் பெயரை நீக்கிவிட்டுப் படியை மட்டும் எடுத்துக்கொள்வது என்ற செயலைத்தானே தோஷிகோவும் செய்தாள்?

இது சிறு விடுபடல் அன்று என்று நான் கருதுவதற்குக் காரணம், இந்தக் கதையில் பெயர்களே பாதிப் பொருளைச் சுமக்கின்றன என்பதுதான். டெசுகா சிறுவயது முதலே பூச்சிகளின் மீது பெரும் பற்றுக்கொண்டவர். ஒசாமுஷி என்ற வண்டினத்தை நினைவூட்டும்படி தம் பெயரோடு 'பூச்சி' என்ற எழுத்தையே சேர்த்துக்கொண்டவர். இந்த மாங்காவின் நான்கு பகுதிகளுக்கும் அவர் பூச்சிகளின் பெயர்களையே இட்டிருக்கிறார். முதற்பகுதிக்கு இளவேனில் காலத்துச் சில்வண்டின் பெயர். இரண்டாம் பகுதியின் பெயரான 'உன்கா' என்பது, நம் நெல் விவசாயிகள் புகையான் என்று அறிந்திருக்கும் பூச்சியினத்தைக் குறிக்கும். பயிரின் அடித்தண்டில் அமர்ந்து சாற்றை உறிஞ்சி, பச்சை வயலைத் தீய்ந்ததுபோல் காயவைக்கும் அந்தப் பூச்சியை வயலில் கண்டவர்களுக்கு, இலக்கியத் திருட்டு என்னவென்று விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பயிர் நின்ற இடத்திலேயே நிற்கும். உள்ளே சாறு இராது.

ககேரி உசுபா என்ற பெயரைத் திருப்பிச் சொன்னால், 'உசுபாககெரோ' என்ற பூச்சியின் பெயர் காதில் விழும். மெல்லிய, ஒளி ஊடுருவும் சிறகுகளைக் கொண்ட அந்தப் பூச்சியின் இளம்பருவம்தான், மணலில் புனல்போலக் குழிபறித்து எறும்புக்காகக் காத்திருக்கும் நம் குழியானை. குழி பறிப்பதன் பெயரைக் குழியில் விழுந்தவளுக்கு டெசுகா ஏன் கொடுத்தார் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். எனக்குத் தோன்றும் விடை இதுதான்: மண்ணுக்குள் நெடுங்காலம் ஒடுங்கிக் கிடந்து, சிறகு முளைத்து வெளிவந்த பின் சில காலமே பறக்கும் உயிர் அது. ககேரிக்கு அந்தச் சில காலமும் கிடைக்கவில்லை. அவளுக்குக் கதையில் மிகச் சில பக்கங்களே தரப்பட்டிருப்பதையும் டெசுகா வேண்டுமென்றே செய்தார் என்று நம்புகிறேன். பறிகொடுத்தவர் எவ்வளவு விரைவில் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறார் என்பதை, வாசகராகிய நாமே அவளை மறக்கும்படி செய்து காட்டுகிறார்.

தோஷிகோ வசீகரமான பாத்திரம் என்பதை நான் மறுக்கவில்லை. ஊருக்குத் திரும்பி, தாயின் மெழுகுருவத்தின் அருகே ஆடையின்றிப் படுத்து, குழந்தைக்குரிய ரப்பர் காம்பைச் சுவைத்துக்கொண்டிருக்கும் அவளைக் காணும்போது யாருக்கும் இரக்கம் எழும். தனக்கென்று ஒன்றும் இல்லாத வெறுமையே அவளைப் பிறர் உருவங்களுக்குள் துரத்துகிறது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியான கணிப்பே. ஆனால் அந்த வெறுமையை ஆராய்ந்து வியந்துகொண்டே போய், "அவளும் ஒருவகையில் கலைஞரே" என்று முடித்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. பிறர் பாடலைத் தன் பாடலாகச் சொல்பவனைக் கள்ளக்கவி என்று பெயரிட்டுத் தனியே நிறுத்திய மொழி நம்முடையது.

பார்த்துச் செய்வதெல்லாம் திருட்டாகாது என்பதற்கு டெசுகாவே சான்று. பள்ளிப் பருவத்தில் அவர் வண்டுகளைக் கால், உணர்கொம்பு, ஓட்டின் நிறம் என்று ஒன்றும் தவறாமல் பார்த்துப் பார்த்து வரைந்தார். டிஸ்னியின் படங்களிலிருந்து தாம் கற்றதை வெளிப்படையாகவே சொன்னார். இந்த மாங்காவை வரைந்த காலத்தில், இளைய ஓவியர்கள் உருவாக்கிய கெகிகா என்ற இருண்ட, நாடகத்தன்மை மிகுந்த பாணி வாசகர்களை ஈர்த்துக்கொண்டிருந்தது. அவரும் அதைக் கவனித்துத் தம் கோடுகளை மாற்றிக்கொண்டார். தோஷிகோவோ கற்ற இடத்தைச் சொல்வதில்லை. அதைவிடக் கொடியது, தான் நிற்கும் இடத்தில் உரியவர் நிற்க முடியாதபடி செய்துவிடுகிறாள். அகுதாகவா பரிசு, புதிய எழுத்தாளர் ஒருவருக்கு ஒருமுறை திறக்கும் வாசல். ககேரி அதே நாவலை எடுத்துக்கொண்டு பிறகு எங்கே போயிருக்க முடியும்? அவளைத்தான் கள்ளி என்று சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இந்தத் தொடர் தொடங்கிய அதே 1970 மே மாதத்தில்தான் ஜப்பானின் புதிய பதிப்புரிமைச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. 1971 ஜனவரி 1 அன்று, தொடர் முடியும் முன்பே, அது நடைமுறைக்கு வந்தது. படைப்பின் மீது தன் பெயர் இடம்பெறுவதற்குப் படைப்பாளருக்குள்ள உரிமையை அந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு தனியே கூறுகிறது. அவர் இறந்த பிறகும் அத்தகைய உரிமைகளுக்கு ஊறு விளைவிக்கக்கூடாது என்று 60-ஆம் பிரிவு சொல்கிறது. இறந்துபோனவளின் பெயர் அவள் நாவலுக்குத் திரும்பி வருமா என்று கேட்கும் ஒரு கதையும், இறந்தவரின் பெயருக்கும் காவல் உண்டு என்று சொல்லும் ஒரு சட்டமும் ஒரே மாதத்தில் வெளிவந்திருக்கின்றன. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று நான் வாதிடவில்லை. அந்தப் பிரிவுகளைப் படித்தபோது எனக்கு ககேரியின் முகம்தான் நினைவில் நின்றது.

இந்த மாங்காவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2011-இல் வெளிவந்தது. தங்கள் கட்டுரையைப் படித்தவர்களில் சிலரேனும் அதைத் தேடிப் படிப்பார்கள். அவர்கள் முதற்பக்கங்களை விரைந்து கடந்து தோஷிகோவிடம் போய்விடக்கூடாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன். அடுத்த ஞாயிறு இணைப்பின் ஒரு மூலையில், பரிசு பெற்ற அந்த நாவலை எழுதியவர் ககேரி உசுபா என்று ஒரே ஒரு வரித் திருத்தம் வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
மதுரை