பங்காய் கார்டினல் வீட்டுத் தொட்டியிலேயே பிறக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் வீட்டு மீன்தொட்டிகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நன்னீர் மீன்களைப் பற்றிய பகுதி அருமையாக இருந்தது. ஆனால் கட்டுரையின் கடைசியில், கடல் மீன்கள் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யாது, விற்பனைக்கு வருவதெல்லாம் கடலில் பிடித்தவைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிகளுக்குப் பக்கத்தில் போட்டிருந்த படம் பங்காய் கார்டினல். வெள்ளி உடம்பு, மூன்று கருப்புப் பட்டை, துடுப்பெங்கும் வெண்புள்ளி. அந்த மீன் என் வீட்டுப் பின்னறையில் மூன்று வருடமாகக் குஞ்சு பொரித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடியில் முப்பத்தொரு வருடம் மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் நடத்தியவள். 2019-ல் ஓய்வு பெற்றேன். மீன்களில் தாய் தகப்பன் பாதுகாப்பு என்று சொல்லிக் கொடுக்கும்போது நான் எப்போதும் ஜிலேபி மீனைத்தான் உதாரணமாகச் சொல்வேன். குளத்து ஜிலேபியில் தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். ஒரு வருடம் பின்பெஞ்சில் இருந்த ஒரு பையன் எழுந்து, “டீச்சர், எங்க அப்பா வலையில வர்ற கெளுத்தி வாயிலயும் கோலிக்குண்டு மாதிரி முட்டை இருக்கும்” என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் சொன்னதுதான் சரி. கடல் கெளுத்தியில் தகப்பன்தான் வாயில் சுமக்கும். சுமக்கிற காலம் முழுவதும் அது இரை எடுக்காது. கர்நாடகக் கரையில் சுருக்குவலையில் இப்படிச் சுமந்துகொண்டிருந்த கெளுத்திகள் கூட்டம் கூட்டமாக மாட்டி, முட்டைகள் அத்தனையும் வீணாய்ப் போனதை நம் கடல் மீன்வள விஞ்ஞானிகள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பையனிடம் கற்றுக்கொண்டது என் மனதிலேயே கிடந்தது. ஓய்வுக்குப் பிறகு தொட்டி வைக்க வேண்டும் என்று தோன்றியபோது, தகப்பன் சுமக்கும் மீன்தான் வேண்டும் என்று தேடினேன். அப்படிக் கிடைத்ததுதான் பங்காய் கார்டினல். இதிலும் தகப்பன்தான் முட்டைகளை வாயில் சுமக்கும்.

பங்காய் கார்டினலின் ஊர் இந்தோனேசியாவில், சுலவேசிக்குக் கிழக்கே உள்ள பங்காய் தீவுக்கூட்டம். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக அது கிடையாது. வால்டர் காடர்ன் என்ற சுவீடன் நாட்டு விலங்கியலாளர் 1920-ல் முதலில் பிடித்தார். 1933-ல் கூமன்ஸ் என்ற டச்சு மீனியலாளர் அதற்குப் பெயர் வைத்தார். பிறகு உலகம் அதை மறந்தே போனது. 1994-ல் ஜெரால்டு ஆலன் என்ற மீனியலாளர் மறுபடி கண்டெடுத்தார். அதன் பிறகு வந்ததுதான் வினை. சில வருடங்களிலேயே ஆண்டுக்கு ஆறு ஏழு லட்சம் மீன்களைத் தொட்டி வியாபாரத்துக்காகப் பிடித்தார்கள். 2007-ல் இது அருகிவரும் இனம் என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. இந்தோனேசிய அரசே இப்போது ஆண்டின் சில மாதங்களில் இதைப் பிடிக்கக் கூடாது என்று வைத்திருக்கிறது.

மற்ற மீன்களைவிட இது சீக்கிரம் அழிவதற்குக் காரணமும் அந்த வாய்தான். பெரும்பாலான கடல் மீன்களின் குஞ்சுகள் பிறந்த உடனே நீரோட்டத்தில் மிதந்து வெகுதூரம் போய்விடும். ஒரு பாறைத்திட்டில் மீன் ஒழிந்தாலும் வேறெங்கிருந்தோ குஞ்சுகள் வந்து சேரும். பங்காய் குஞ்சு அப்படி மிதப்பதில்லை. தகப்பன் வாயிலிருந்து முழு மீனாகவே இறங்கி, பக்கத்திலிருக்கும் கடல் முள்ளெலி என்ற, உடம்பெல்லாம் முள்ளாக இருக்கும் கடலுயிரின் நீண்ட முட்களுக்குள் புகுந்துகொள்ளும். பிறந்த இடத்தை விட்டு அது நகராது. ஒரு குடாவில் எல்லாவற்றையும் அள்ளிவிட்டால் அங்கே மறுபடி யாரும் வருவதில்லை. எங்கள் ஊருக்கு எதிரே விலாங்குசல்லித் தீவு கடலுக்குள் மூழ்கிப்போனதே, சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி எடுத்ததால்தான். ஒரு திட்டு போனால் போனதுதான் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். முதலில் வாங்கிய நான்கு மீன்களும் பத்து நாளுக்குள் செத்தன. உடல் கருத்து, மூச்சு வாங்கி, மூலையில் நின்றே போயின. கடைக்காரரிடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், ‘இம்போர்ட்’ என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். கடலில் பிடித்து, கூடையில் நெரிசலாய்க் கிடந்து, நாடு விட்டு நாடு வரும் பங்காய் மீன்களில் இரிடோ வைரஸ் என்ற நோய்க்கிருமி இருப்பதாக ஆய்வுகள் உண்டு. என் மீன்களுக்கு அதுதான் வந்ததா என்று சோதித்துப் பார்க்க எனக்கு வழியில்லை. ஆனால் இனிக் கடலில் பிடித்ததை வாங்குவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். சென்னை கொளத்தூர்ப் பக்கம் வீட்டு மாடியில் மீன் வளர்க்கும் ஒரு தம்பியிடமிருந்து, அவர் தொட்டியிலேயே பிறந்த ஐந்து குஞ்சுகளை வாங்கி வந்தேன். இறக்கிய அன்றே இரை எடுத்தன. ஒன்றுகூடச் சாகவில்லை.

தண்ணீருக்கு என் கொழுந்தன் உதவுகிறார். வள்ளத்தில் போகும்போது கரையை விட்டு நல்ல தூரம் தள்ளி இருபது லிட்டர் கேன்களில் மொண்டு வருவார். துணியில் வடித்து, பத்து நாள் மூடி இருட்டில் வைத்த பிறகுதான் தொட்டிக்கு ஊற்றுவேன். தொட்டி மூன்றடி நீளம், ஏறக்குறைய 180 லிட்டர். ஸ்பான்ஜ் ஃபில்டர், ஒரு ஏர் மோட்டார், கரண்ட் போனால் ஓட ஒரு பேட்டரி மோட்டார். ஆடம்பரம் ஒன்றும் இல்லை. இரைக்குச் சந்தையில் வாங்கும் கூனி இறாலே போதும். நன்றாக அலசி, சின்னச் சின்னப் பொட்டலமாக ஃப்ரீசரில் வைத்துக்கொள்வேன்.

ஐந்தும் வளர்ந்து வந்தபோது சண்டை ஆரம்பித்தது. இதை யாரும் சொல்லித் தரவில்லை என்றால் புதிதாக வளர்ப்பவர்கள் தவித்துப் போவார்கள். ஜோடி சேர்ந்த இரண்டும் மற்றவற்றை விரட்டி விரட்டிக் கொல்லும். துடுப்பு கிழிந்த மூன்றையும் வேறு தொட்டிக்கு மாற்றினேன். எது ஆண், எது பெண் என்று வெளித்தோற்றத்தில் உறுதியாகச் சொல்வது கடினம். சேர்ந்து நிற்பதை வைத்துத்தான் தெரியும்.

ஒரு மதியம் பெண் மீன் பக்கத்தில் ஒட்டி நின்று உடம்பை நடுக்கிக்கொண்டே இருந்தது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொத்து வெளியே வந்தது. ஆண் திரும்பி ஒரே வாயில் கவ்விக்கொண்டது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு இரவு பத்து மணி வரை பார்த்துக்கொண்டிருந்தேன். தாடை கீழே பை போல் இறங்கிவிட்டது. அவ்வப்போது வாயை லேசாகத் திறந்து முட்டைகளைப் புரட்டிவிடும், அப்போது உள்ளே ஆரஞ்சு மணிகள் தெரியும். மூன்றாம் நாள் காலையில் தாடை தட்டையாகிவிட்டது. விழுங்கிவிட்டது. முதல்முறைத் தகப்பன்கள் இப்படிச் செய்வது சகஜம், அதற்காக மீனை மாற்ற வேண்டியதில்லை.

அடுத்த முறை முழுதாகச் சுமந்தது. ஏறக்குறைய இருபது நாளில் முட்டை பொரியும், அதற்கு மேலும் ஒரு வாரத்துக்குக் குஞ்சுகள் வாயிலேயே இருக்கும். இருபத்துமூன்றாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீரோடு சேர்த்து அந்தத் தகப்பனை மொண்டு தனித்தொட்டிக்கு மாற்றினேன். வலையால் பிடித்தால் பயத்தில் துப்பிவிடும். பெரிய தொட்டியிலேயே விட்டாலோ, இறங்கும் குஞ்சுகளைத் தாயும் தகப்பனுமே தின்றுவிடும். கடல் முள்ளெலிக்குப் பதிலாகக் கருப்பு கேபிள் டைகளைச் சேர்த்துக் கட்டி ஒரு முள்ளுப் பந்து செய்து போட்டேன். நான்கு நாள் கழித்து விடியற்காலையில் பார்த்தால் அந்த முட்களுக்குள் முப்பத்தொரு குஞ்சுகள். ஒவ்வொன்றும் முக்கால் சென்டிமீட்டர்கூட இருக்காது, ஆனால் பட்டையும் புள்ளியும் அப்படியே தகப்பன் மாதிரி.

தொட்டியில் வைக்கும் இன்னொரு கடல் மீனான கோமாளி மீனின் குஞ்சுக்கு முதலில் ரோட்டிஃபர் என்ற கண்ணுக்கே தெரியாத சிற்றுயிரை வளர்த்துப் போட வேண்டும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கோமாளி மீனைப் பெருக்கும் முறையைக் கொண்டுவந்திருக்கிறது, ஆனால் அதை வீட்டில் செய்ய நிறையப் பொறுமை வேண்டும். பங்காய் குஞ்சு முதல் நாளே ஆர்ட்டீமியாவைத் தின்னும். எங்கள் ஊர் உப்பளங்களில் தானாகவே வாழும் சிற்றுயிர்தான் அது. டப்பாவில் வரும் அதன் முட்டையை உப்புத் தண்ணீரில் காற்று விட்டு வைத்தால் ஒரு நாளில் பொரிந்துவிடும். நானும் அதைப் பொரித்துப் பொரித்துப் போட்டேன். குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சாக உப்பியிருந்தது. எல்லாம் நன்றாகத்தான் போனது.

பதினாறாம் நாள் காலையில் அறைக்குள் போய் விளக்கைப் போட்டேன். போட்ட அந்த நொடியே குஞ்சுகள் துள்ளிச் சுழன்று, பக்கவாட்டில் படுத்து, அடியில் விழுந்தன. முப்பத்தொன்றில் ஏழுதான் மிஞ்சின. நான் அப்படியே உட்கார்ந்து அழுதேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வெறும் ஆர்ட்டீமியாவில் குஞ்சுக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பமிலம், முக்கியமாக டி.எச்.ஏ., போதாது. வயிறு நிறைந்தாலும் சத்துக் குறைந்துகொண்டே வரும், ஒரு சின்ன அதிர்ச்சியில் உயிர் போய்விடும். ஆர்ட்டீமியா பொரிந்த உடனே எதையும் தின்னாது. எட்டுப் பத்து மணி நேரம் கழித்துத்தான் அதற்கு வாய் திறக்கும். அதன் பிறகு மீனெண்ணெய்ச் சத்துக் கரைசலில் அரைநாள் ஊறவிட்டு, நன்றாக அலசிக் குஞ்சுக்குப் போட வேண்டும். அதோடு அறையில் ஒரு ஜீரோ வாட் பல்பை இரவு முழுவதும் எரிய விடுகிறேன், திடீர் வெளிச்சம் கூடாது. இந்த இரண்டையும் செய்த பிறகு அடுத்த ஈட்டில் இறங்கிய இருபத்தொன்பதில் இருபத்துநான்கு பெரிதாகின. இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட குஞ்சுகளைப் பல ஊர்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். இந்த மீன் ஒரு மாதம் பட்டினி கிடந்து சுமக்கிறது. குஞ்சை இறக்கி முடித்ததும் அதன் முதுகெல்லாம் ஒட்டிப்போய், கண்கள் மட்டும் பெரிதாகத் தெரியும். உடனே பெண்ணோடு விட்டால் ஒரு வாரத்தில் மறுபடி முட்டையை வாங்கிக்கொள்ளும். இல்லையென்று சொல்ல அதற்குத் தெரியாது. குஞ்சு விற்றுக் காசு பார்க்க வேண்டும் என்று வருடம் முழுவதும் சுமக்க வைத்து, ஆணைத் தேய்த்தே கொல்பவர்கள் இருக்கிறார்கள். குஞ்சு சீக்கிரம் வேண்டும் என்று தாடையை விரலால் அழுத்தித் துப்ப வைப்பவர்களும் உண்டு. இரண்டும் எனக்குப் பொறுக்கவில்லை. என் தொட்டியில் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருக்கிறது. ஒவ்வொரு ஈட்டுக்குப் பிறகும் ஒன்றரை மாதம் அந்தப் பக்கம் பெண், இந்தப் பக்கம் ஆண். தினமும் மூன்று வேளை கூனி, நறுக்கிய இறால், மட்டிச்சதை. உடம்பு தேறி, தானாக வந்து என் விரலைக் கொத்தினால்தான் தடுப்பை எடுப்பேன். வருடத்துக்கு நான்கு ஈடு, அதற்கு மேல் இல்லை.

உங்கள் வாசகர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. கடையில் இந்த மீனைப் பார்த்தால், ‘இது தொட்டியில் பிறந்ததா, கடலில் பிடித்ததா?’ என்று கேளுங்கள். தாய்லாந்திலும் பண்ணையில் வளர்க்கிறார்கள், நம் ஊரிலும் என்னைப் போல் வீட்டில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது முறை கடைக்காரரே தேடிக் கண்டுபிடித்து வைப்பார்.

உங்களிடம் கேட்பது, அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம். அடுத்த இணைப்பில் சின்னதாக வந்தாலும் போதும்: பங்காய் கார்டினல் வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரிக்கும், தொட்டியில் பிறந்ததே கிடைக்கிறது என்று. படம் வேண்டுமென்றால் தகப்பனின் வாய்க்குள் குஞ்சுகளின் கண்கள் தெரியும்படி நான் எடுத்த ஒன்றை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியை,
தூத்துக்குடி