ஃப்ரீசரைக் காலி செய்து கொடுத்த அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்,

அந்த ராத்திரி மழையைப் பற்றி ஊரே அறியும். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட நாங்கள் வைத்திருக்கும் புத்தகப் பெட்டிகள் அதில் நனைந்துபோயின. அவற்றில் இருந்ததில் முக்கால்வாசி மீண்டுவிட்டது. கையில் ஈரம் காயும் முன்னே நன்றி சொல்லிவிட வேண்டும்.

நனைந்த புத்தகத்துக்கு இரண்டு நாள்தான் கெடு. 48 மணி நேரம் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். ஏற்காட்டு ஈரக்காற்றில் அதற்குக் கேட்கவே வேண்டாம். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் அட்டை முறுக்கிக்கொள்ளும், முதுகில் இருக்கும் பசை விட்டுவிடும். சாதாரணத் தாள் என்றால் நிமிர்த்தி நிறுத்தி, பக்கங்களை லேசாக விரித்து, ஃபேன் காற்று நேரே படாமல் அறைக்குள் ஓடவிட்டால் போதும். வழவழத் தாளில் அச்சடித்த படப் புத்தகம்தான் பாடாய்ப் படுத்துகிறது. அந்தத் தாளின் மேல்பூச்சு தண்ணீரில் இளகிப் பசையாகிவிடும். பக்கங்கள் ஒட்டியபடியே காய்ந்துவிட்டால் கதை முடிந்தது; பிரித்தால் படம் உரிந்து எதிர்ப்பக்கத்தோடு போய்விடும். ஈரம் இருக்கும்போதே பக்கத்துக்குப் பக்கம் பட்டர் பேப்பர் வைக்க வேண்டும். 32 பக்கப் புத்தகம் ஒன்றுக்கே பதினாறு, பதினேழு துண்டு. இருந்த கைகளுக்கு இரண்டு நாளில் அத்தனையும் முடிகிற வேலை இல்லை.

எதை விட்டுக்கொடுத்தாலும் அந்தப் படப் புத்தகங்களை விட மனசில்லை. சக்கர நாற்காலியில் பள்ளிக்குப் போகும் பெண், கையால் பேசும் அப்பா, துப்புரவுப் பணியாளர் வீட்டுப் பையன் எல்லாம் அவற்றுக்குள்தான் இருந்தார்கள். பாதிக்கு மேல் இப்போது கடையில் கிடைக்காதவை.

அண்ணே, சேலம் அஸ்தம்பட்டியில் உங்கள் ஐஸ்கிரீம் கடைக்கு ஆள் வந்தது பழைய அட்டைப்பெட்டி கேட்டுத்தான். எதற்கென்று விசாரித்தீர்கள். "உறைய வெச்சா தாங்குமா?" என்று நீங்களேதான் கேட்டீர்கள். தாங்கும். மைனஸ் 18 டிகிரியில் பூஞ்சணம் வளராது. ஓடிக்கொண்டிருந்த கெடு அப்படியே நின்றுவிடும். அரை மணி நேரத்தில் ஒரு ஃப்ரீசரை ஒழித்துவிட்டீர்கள். புத்தகத்தை மூடியபடி, பிழியாமல், தனித்தனி பாலிதீன் கவரில் தளர்வாகச் சுற்றி, முதுகு கீழே இருக்கும்படி ஒரே வரிசையாக அடுக்கியது உங்கள் கடைப் பையன்தான். கவர் போடாமல் வைத்திருந்தால் புத்தகத்தோடு புத்தகம் ஒட்டியிருக்கும். எது முதலில் வெளியே வர வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டியதும் அவர்தான். கரண்ட் போனபோது ஜெனரேட்டரை இதற்காகவே போட்டீர்கள். வாடகை என்று வாயெடுத்ததற்குக் கோபித்துக்கொண்டீர்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து புத்தகமாக எடுக்கிறோம். பனி விட்டு, தாள் ஈரமாகவே இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் மூலையிலிருந்து மெதுவாக, மேலே தூக்காமல் தாளோடு தாளாகப் பின்னோக்கி இழுத்துப் பிரிக்க வேண்டும். நேற்று அந்தச் சக்கர நாற்காலிப் பெண் முழுசாக வந்துவிட்டாள். அவள் தலைக்கு மேல் நகக்கண் அளவு வானம் மட்டும்தான் உரிந்தது.

அச்சடிக்காத நியூஸ்பிரிண்ட் தந்த அச்சகத்தார், காபிக் கொட்டை கிடங்கில் இடம் ஒதுக்கிய எஸ்டேட்காரர்கள், இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் மூட்டையைச் சாயாமல் பிடித்துவந்த கண்டக்டர், இரண்டு ராத்திரி பக்கம் புரட்டிய கல்லூரிப் பிள்ளைகள், அவர்களுக்கு டீ போட்டுக்கொண்டே இருந்த அக்கா என எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

புத்தகம் பிள்ளைக்குத் தன்னையே காட்டும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், பிறர் வாழ்வைக் காட்டும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கப் பேராசிரியர் ருடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதினார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வீட்டிலேயே கொலுசு பற்றவைக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கும், சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்கும் சன்னல் நிறையவே கிடைக்கிறது, கண்ணாடிதான் அரிது. அதனால் பெட்டியை மறுபடி அடுக்கும்போது ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். மாற்றுத்திறனாளிப் பிள்ளை வெறுமனே உதவி வாங்குவதற்காகவே வரும் கதைகள் பாதிக்கு மேல் போகக் கூடாது. அந்தப் பிள்ளையே வம்பு பண்ணும், ஜெயிக்கும், பொய் சொல்லும் கதைகளும் பக்கத்திலேயே இருக்கும். வாசித்துக் காட்டுகிறவர் முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் பிள்ளைகள் பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். கதையில் வருவது போன்ற வீட்டுப் பிள்ளை கூட்டத்தில் இருந்தால் அந்தப் பிள்ளை பக்கம் திரும்பி "உங்க வீட்லயும் இப்படியா?" என்று கேட்கவே கூடாது. ஒரு கேள்வியில் கண்ணாடி காட்சிப்பொருளாகிவிடும்.

இனிப் பெட்டிகள் தரையில் இருக்காது. ஓரடி உயர பெஞ்ச் மேல், மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில்தான் இருக்கும்.

உங்கள் ஃப்ரீசரில் இன்னும் பதினொரு கவர் இருக்கிறது அண்ணே. வெள்ளிக்கிழமைக்குள் எடுத்துவிடுகிறோம், சனிக்கிழமை பெட்டி மலையேறுகிறது.