விடையைக் கொஞ்சம் மறைத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் 19 ஆண்டுகளாகக் கணக்கு டீச்சர். எங்களுக்கு இணையவழியில் நடக்கும் பயிற்சிகள் பற்றி எழுதுகிறேன்.

முன்பு ஒரு பயிற்சி முடித்தேன். காணொலி ஓடும், நடுவில் நான்கு விடைகளோடு ஒரு கேள்வி வரும், தப்பாகத் தொட்டால் சரியான விடை உடனே பச்சையில் மின்னும். 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்தியே சான்றிதழ் வாங்கிவிட்டேன். கணக்கைப் புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார் என்று கணித அறிஞர் போல்யா 1945இல் எழுதிய நான்கு படிகளும் மனப்பாடம். ஆனால் தெரியாத கணக்கு ஒன்றைக்கூட அதில் நான் போடவில்லை.

சமீபத்திய பயிற்சியில் ஒரு மணி நேரத்துக்கு ஒரே கணக்குதான். 9ஐ 4+5 என்று எழுதலாம், 15ஐ 4+5+6 என்று எழுதலாம். இப்படி அடுத்தடுத்த இயல் எண்களின் கூட்டலாக எழுதவே முடியாத எண்கள் எவை? ஐந்து பேருக்குப் பொதுவாக ஒரு அட்டவணை திரையில் இருந்தது. விடை காட்டும் பொத்தான் கிடையாது. நான் "12 முடியாது" என்று தட்டினேன். கீழேயே இன்னொருவர் 3+4+5 என்று எழுதினார். முகம் சுருங்கினாலும் விடாமல் போட்டுப் பார்த்தேன். கடைசியில் மிஞ்சியவை 1, 2, 4, 8, 16.

சரி, ஏன்? இங்கேதான் எல்லோரும் திணறினோம். ஒற்றைப்படை எண்ணிக்கையில் எண்களைக் கூட்டினால், நடு எண்ணை அந்த எண்ணிக்கையால் பெருக்கியதற்குச் சமம். இரட்டைப்படை எண்ணிக்கை என்றால், முதலும் கடைசியும் சேர்ந்து ஒற்றைப்படையாகும். ஆக, இரண்டிலும் 1ஐவிடப் பெரிய ஒரு ஒற்றைப்படை எண் கூட்டுத்தொகைக்குக் காரணியாகிவிடும். 16க்கு 1ஐத் தவிர ஒற்றைப்படைக் காரணியே இல்லை! அப்புறம் இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

வடிவங்களை வரைந்து இழுத்துப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா போன்ற செயலிகளும் நல்லவைதான். நாற்கரத்தின் முனையை எப்படி இழுத்தாலும் பக்கங்களின் நடுப்புள்ளிகள் இணைகரமாகவே நிற்பதைப் பார்க்கலாம். ஆனால் பார்த்தது நிரூபணமாகாது. "ஏன்" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

பயிற்சி தயாரிப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது: விடையை ஒரு நாளாவது தள்ளிப் போடுங்கள். குழுவைச் சிறிதாக வையுங்கள். அட்டவணையில் நாங்கள் எழுதிய தப்பான வரிகளை அழிக்காதீர்கள். என் "12 முடியாது" வரியை என் பிள்ளைகளுக்கு நான் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை