செல்வத்துக்கு, கயல்விழி குறித்து

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்தது. மாடி கட்டி முடித்ததில் ரொம்ப சந்தோஷம். ஆனால் கயல்விழியைப் பற்றி நீ எழுதியதுதான் மனதிலேயே நிற்கிறது. படுத்த பிறகும் எழுந்து போய் கேஸ் அடுப்பைப் பார்ப்பதும், "மூடியிருக்குதானேப்பா?" என்று உன்னிடம் வந்து வந்து கேட்பதும்... பாவம், குழந்தை. ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணங்களும் அதனால் ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வதுமான மனநலப் பிரச்சினை என்று டாக்டர் சொன்னதற்காக இடிந்து போகாதே. இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. என் வீட்டுச் சரசு அதிலிருந்து மீண்டு வந்ததைக் கூட இருந்து பார்த்தவன் சொல்கிறேன்.

அந்தச் சிகிச்சைக்குப் பெயர் சிபிடி, எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சை. உட்கார வைத்து அறிவுரை சொல்வார்கள் என்று நினைத்துவிடாதே. பயப்படுகிற காரியத்தைச் செய்ய வைத்து, அதன்பின் வழக்கமாகச் செய்யும் சடங்கை, அதாவது திரும்பத் திரும்பப் பார்ப்பது, கழுவுவது போன்றதைச் செய்யாமல் இருக்கப் பழக்குவார்கள். 1966இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இரண்டு நோயாளிகளிடம் இதைச் செய்து பலன் கண்டதை எழுதினார். அதன் பிறகு வளர்ந்த முறை இது.

சரசுவுக்குக் கிருமி பயம். பயங்களுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு வரிசையாக எழுதச் சொன்னார்கள். செருப்பைத் தொடுவது 40, பஸ் கம்பி 60, ஆஸ்பத்திரிக் கதவு 90. செருப்பில் ஆரம்பித்தார்கள். தொட்டுவிட்டு, விரல்களை விரித்து, புடவையில் படாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையாலேயே புடவையைத் தொடச் சொன்னார் உளவியலாளர். தொட்டாள். முகமெல்லாம் வியர்த்துவிட்டது. "இப்போ எவ்வளவு?" என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருந்தார். கை கழுவாமலேயே எண் இறங்கியது. அடுத்தடுத்த முறை பயம் கிளம்பிய இடமே தாழ்வாக இருந்தது.

கெட்ட எண்ணம் வருகிறதென்று கயல் அழுவதாக எழுதியிருந்தாய். உளவியலாளர்கள் ராக்மனும் இலங்கையைச் சேர்ந்த பத்மால் டி சில்வாவும் 1978லேயே ஆராய்ந்து சொன்னது இது: அதே மாதிரி எண்ணங்கள் சாதாரண மனிதர்களுக்கும் வருகின்றன. அதை அவளிடம் அவசியம் சொல்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். "மூடியிருக்கு, போய்ப் படும்மா" என்று நீ பாசத்தில்தான் சொல்கிறாய். அந்த நிமிஷம் அவளுக்கு நிம்மதி. ஆனால் அந்த நிம்மதியே அவளை மறுபடி கேட்க வைக்கிறது. நீ தருகிற பதிலும் அவளுடைய சடங்கில் ஒரு பகுதியாகிவிட்டது. அதற்காக இன்றைக்கே சட்டென்று நிறுத்திவிடாதே, கோபப்படவும் வேண்டாம். உளவியலாளர் முன்னிலையில் அவளும் சம்மதித்த பிறகு, "இது ஓசிடி கேட்கிற கேள்விம்மா. கஷ்டமா இருக்கும்னு தெரியும், நான் கூடவே இருக்கேன்" என்று மட்டும் சொல்.

இந்த முறையில் பயிற்சி பெற்றவரா என்று கேட்டுவிட்டு அழைத்துப் போ. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது, ஓசூரிலிருந்து பக்கம்தானே. மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கயலுக்கு விருப்பமிருந்தால் சரசு போனில் பேசுகிறேன் என்கிறாள். ஞாயிறு சாயங்காலம் வீட்டில்தான் இருப்போம். அப்புறம், தங்கச்சியிடமும் இதைப் படித்துக் காட்டு. நீ பதில் சொல்வதை நிறுத்தினால் கயல் நேரே சமையலறைக்குப் போய் அம்மாவிடம்தான் கேட்பாள்.

அன்புடன்,
முருகேசன்