அக்காவுக்கு, ‘நழுவு’ என்ற சொல்லைப் பற்றி

அக்கா,

நீ என் போனை எடுப்பதில்லை. ஆனால் இங்கே நான் எழுதுவதை ஒன்றுவிடாமல் படிக்கிறாய் என்று உன் மகள் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதே. வரும் தையில் அப்பாவுக்கு ஒரு வருஷம் ஆகிறது. அதற்குள் இதை எழுதியாக வேண்டும்.

காரியத்தன்று நடந்ததையெல்லாம் திரும்ப எழுதப் போவதில்லை. நீ சொன்ன ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். “இவன் நழுவிட்டான்.” அத்தை, சித்தப்பா, தோட்டத்து ஆட்கள் என்று எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை. அன்றிலிருந்து அந்தச் சொல் எனக்குள் கிடக்கிறது. நான் தமிழ் வாத்தியார். ஒரு சொல் உறுத்தினால் அதன் சொந்தபந்தங்களைத் தேடிப் போய்விடுவேன். இத்தனை மாதம் அதைத்தான் செய்தேன்.

வழுக்குவதற்குத் தரை வேண்டும். பாசி, எண்ணெய், சோப்புத் தண்ணீர் என்று காரணம் கீழே இருக்கும். சறுக்குவதற்குச் சரிவு வேண்டும், அதனால்தான் ஆனைக்கும் அடி சறுக்குகிறது. நழுவுவதற்கு இவை இரண்டும் வேண்டாம். ஒரு பிடி இருந்தால் போதும். தோளிலிருந்து முந்தானை நழுவும், பின்னலிலிருந்து பூ நழுவும், கையிலிருந்து வாய்ப்பு நழுவும். எதையாவது பற்றிக்கொண்டிருந்தால்தான் அதிலிருந்து நழுவ முடியும். இன்னொன்று, சத்தமே இருக்காது. விழுந்தது உடனே கேட்கும், நழுவியது அப்புறம்தான் தெரியும்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தால் நல்லகாலம் என்கிறோம். பிடிகொடுக்காத ஆளைக் ‘கழுவுற மீனில் நழுவுற மீன்’ என்கிறோம். நீ என்னைச் சொன்னது இந்த இரண்டாவது வகையில்.

ஆனால் அப்பா அந்தச் சொல்லை எப்படி வைத்திருந்தார்! காலையில் வாசலில் நின்று “பனி நழுவுது பாரு” என்பார். ஏற்காட்டு விளம்பரப் பலகைகளில் ‘மேகம் தவழும் மலை’ என்று எழுதுகிறார்கள். தவழ்வது குழந்தை, அது எங்கேயாவது போய்ச் சேர நினைக்கும். சில்வர் ஓக் மரங்களின் உச்சிகளைத் தொட்டுத் தொட்டு, மிளகுக் கொடி வழியாகக் காப்பிச் செடி மேல் இறங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே இல்லாமல் போகும் பனிக்கு அப்பாவின் சொல்தான் சரி. என் கல்யாணத்தன்று சேலம் வெண்பட்டு இடுப்பில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது நினைவிருக்கிறதா? மாமாவின் பெல்ட்டைக் கழற்றி வாங்கிவந்து நீதான் கட்டிவிட்டாய். “இப்ப நழுவாதுடா” என்றாய். அந்தக் குரலும் உன்னுடையதுதான்.

சரி, தொட்டிக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

எனக்கு ஏழு வயது, உனக்குப் பதினொன்று. காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷின், அந்தப் பல்ப்பர், பக்கத்துத் தோட்டத்தில் இருந்தது. அதில் நம் பழத்தையும் ஓட்டிக்கொடுத்த வருஷம். தோல் போன கொட்டை மேல் அந்த வழவழப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். ஏற்காட்டுக் குளிரில் ஒன்றரை நாளாவது தொட்டியில் ஊறி நொதித்தால்தான் அது விடும். அப்பா கடிகாரம் பார்க்க மாட்டார். கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி, தேய்த்துப் பார்ப்பார். “இன்னும் நழுவுது, ஆகல” என்பார். கொட்டை ஒன்றோடொன்று உரசிச் சரசரவென்று கையில் பிடித்தால், “இப்ப கழுவலாம்” என்பார். அவருக்கு ‘நழுவுது’ என்றால் இன்னும் நேரம் ஆகவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். அதில் யார் மேலும் குற்றம் கிடையாது.

அன்று ராத்திரி நாம் இரண்டு பேரும் தொட்டிச் சுவர் ஓரம் நின்றோம். உன் கையெல்லாம் பழச்சாறும் கொழகொழப்பும். அந்தக் கையால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாய். நான் தொட்டிக்குள் விழுந்தேன். கொட்டை மார்பு வரை ஏறியது. எழுந்திருக்கக் காலை ஊன்ற ஊன்ற எல்லாம் அடியில் புரண்டு ஓடியது, பிடிக்க ஒன்றுமே இல்லை. நீ பாவாடையோடு குதித்தாய். அப்பா ஓடி வந்து தூக்கிவிட்டு, அப்புறம் உன்னை அடித்தார். காப்பிக் குச்சியால். “ஏன்டி விட்டே?” என்று கேட்டுக் கேட்டு அடித்தார். நீ அழுதுகொண்டே, “கை நழுவிடுச்சுப்பா” என்றாய்.

நழுவவில்லை அக்கா. பல்ப்பர் சக்கரத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நான்தான் கையை முறுக்கி இழுத்தேன். நீ விடவே இல்லை. உன் நகக்கீறல் என் மணிக்கட்டில் மூன்று நாள் இருந்தது. அப்பா பார்த்துவிடக் கூடாதென்று ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டே திரிந்தேன். உனக்குத் தெரியும். ஒரு நாளும் சொல்லவில்லை நீ. நானும் சொல்லவில்லை. அப்பா இருக்கும்போது சொல்லியிருக்கலாம், எத்தனையோ ராத்திரி இருந்தது.

அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்று என்னைக் காப்பாற்றுவதற்குச் சொன்ன அதே சொல்லைத்தானே அத்தனை பேர் முன்னால் என் மேல் எறிந்தாய்? வேறு சொல்லே கிடைக்கவில்லையா உனக்கு? தனியாகக் கூப்பிட்டுச் செருப்பால் அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

பணம், ஆஸ்பத்திரி, அந்தக் கடைசி வாரம், இந்த மூன்றையும் பற்றி இங்கே எழுத மாட்டேன். நம் சொந்தக்காரர்கள் படிக்கிறார்கள். என் வீட்டுக்காரியைப் பற்றி நீ சொன்னதற்கும் இங்கே பதில் இல்லை. ஒன்று மட்டும்: அவள் என்னைத் தடுக்கவில்லை.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. தூரத்தைக் காரணம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் போன் செய்தபோதெல்லாம் நீ என்ன சொன்னாய்? “நான் பாத்துக்கறேன், நீ ஸ்கூலைப் பாரு.” எத்தனை தடவை சொன்னாய்! நான் வந்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்பாவைத் தொட விடமாட்டாய். கஞ்சி நீதான் ஊட்ட வேண்டும், துணி நீதான் மாற்ற வேண்டும். நான் விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு, மாலை பஸ்ஸுக்கு இறங்கிவிடுவேன். பிடி தளர்ந்ததில் உன் கையும் கொஞ்சம் இருக்கிறது. இதைச் சொல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்டால் அது பொய்யாகிவிடும்.

வகுப்பில் வழு, வழாநிலை, வழுவமைதி நடத்தும்போது பசுவைக் காட்டி ‘என் அம்மை வந்தாள்’ என்று சொல்வதை உதாரணமாகச் சொல்வேன். திணைப்படி அது வழு. ஆனால் உவப்பினால் சொன்னதால் பிழையென்று தள்ளாமல் இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. அதுதான் வழுவமைதி. தொட்டிச் சுவரருகே நீ சொன்ன பொய்யை நான் அப்படித்தான் வைத்திருந்தேன். என் பக்கத்துக்கும் அப்படி ஒரு அமைதி கிடைக்குமா என்று இத்தனை மாதம் தேடிப் பார்த்தேன். ‘நழுவினேனே தவிர வழுவவில்லை’ என்று ஒரு வாக்கியம்கூட எழுதி வைத்தேன். கடமை வழுவாதவன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஏனென்றால் ‘நழுவியது’ என்று சொன்னால் அதில் செய்தவன் யாருமில்லை. தானாக நடந்தது. ‘நழுவவிட்டேன்’ என்று சொன்னால்தான் ஆள் உள்ளே வருகிறான். அப்பாவின் கடைசி மாதங்களை நான் நழுவவிட்டேன். உன் மேல் முழுப் பாரமும் விழுவதைப் பார்த்துக்கொண்டே நழுவவிட்டேன். நீ எவ்வளவு விரட்டினாலும் அந்த நாற்காலியை விட்டு எழுந்து கஞ்சிக் கிண்ணத்தை வாங்கியிருக்க வேண்டும்.

ஒன்றரை ஏக்கரில் என் பங்கை உன் பெயருக்கு எழுதித் தருவதென்று முடிவெடுத்துவிட்டேன். பத்திரம் எழுதுபவரிடம் பேசியாயிற்று. அதற்கு ‘விடுதலைப் பத்திரம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அந்த மலையிலிருந்து விடுதலை ஆகிறேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது.

பொங்கல் லீவு முழுக்க அங்கேதான் இருப்பேன். பறிப்புக்கும் வருகிறேன், அப்பாவின் திதிக்கும் இருப்பேன். தொட்டி கழுவும் நாளை உன் மகளிடம் சொல்லி அனுப்பு. இந்தத் தடவை கையை விட்டு நான் பார்க்கிறேன். ஆகிவிட்டதா இல்லையா என்று நீதான் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் அது பிடிபடவில்லை.

உன் தம்பி